தலையிடியைச் சொல்லுங்கள்



நேபாளம் போய் வந்து இரண்டு மாதமாகிறது. ஒரு கேள்வி மட்டும் இன்னும் எங்களை விடவில்லை. "இவ்வளவு காசு செலவழிச்சு, இவ்வளவு தூரம் போய், எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்கு இன்னும் ரெண்டு நாள் நடைதான் இருக்கக்குள்ள ஏன் திரும்பி வந்தீங்க?" ஆசிரியர் ஓய்வறையில் கேட்கிறார்கள். ஜும்ஆ முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் கேட்கிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டே, "குளிர் தாங்கல்லயா சேர்?" என்கிறார்கள்.

குளிருக்கு ஜாக்கெட் இருந்தது. காற்றுக்கு எதைப் போடுவது?

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஊரில் உயர்தரம் முடித்த பிள்ளைகள் சிலர் அடுத்த விடுமுறையில் நேபாள மலைக்குப் போகப் பணம் சேர்க்கிறார்கள். நல்ல விடயம். பிள்ளைகள் உலகம் பார்க்க வேண்டும். அவர்களின் பெற்றோர் எங்களிடம் வந்து ஜாக்கெட் எங்கே வாங்குவது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது, வீசா எப்படி எடுப்பது என்றெல்லாம் விசாரித்தார்கள். எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் மூச்சைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தப் பயணத்தில் ஆளை மண்ணுக்குள் அனுப்பக்கூடியது அதுதான். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். கல்வியியற் கல்லூரியில் ஒரே தொகுதியில் படித்தவர்கள். இருவர் விஞ்ஞானம், ஒருவர் கணிதம், ஒருவர் தமிழ், ஒருவர் உடற்கல்வி. எல்லோருக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கல்லூரிக் காலத்தில் போட்ட திட்டம் டிசம்பர் விடுமுறையில்தான் கைகூடியது.

முதலில் நமது ஊரின் உயரத்தைப் பார்ப்போம். நாம் இருப்பது கடலோடு ஒட்டிய மணல். கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர்கள்தான். நாட்டிலேயே உயரமான பீதுருதாலகால மலை 2,524 மீற்றர். பாவா ஆதம் மலை 2,243 மீற்றர். பாடசாலைச் சுற்றுலா போகும் நுவரெலியா நகரம் ஏறக்குறைய 1,870 மீற்றர். உம்றா போனவர்கள் ஸியாரத்துக்குப் போய்வரும் தாயிஃப் நகரமும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். அங்கெல்லாம் போனால் காது அடைக்கும், குளிரும், அவ்வளவுதான். வைத்தியர்கள் மலைநோய் என்று சொல்வது பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் தொடங்குகிறது. அதாவது நமது நாட்டின் உச்சி முடிகிற இடத்தில்தான் இந்த நோய் ஆரம்பிக்கிறது. அதனால் நமது உம்மாமாரிடம் இதற்குக் கைவைத்தியமும் இல்லை, நமது பேச்சில் இதற்கென்று ஒரு சொல்லும் இல்லை.

"பிளேனில் 11 கிலோமீற்றர் உயரத்தில் பறந்தோமே, ஒன்றும் ஆகவில்லையே?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. விமானத்துக்குள் காற்றை அமுக்கி நிரப்பி வைத்திருக்கிறார்கள். வெளியே எவ்வளவு உயரமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அமுக்கம் சுமார் 2,400 மீற்றர் மலையில் இருப்பதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஜித்தாவுக்குப் போன நம்மவர்கள் எல்லோரும், தமக்கே தெரியாமல், பீதுருதாலகால உச்சிக்குக் கிட்டிய காற்றில் சில மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். அந்தளவை உடம்பு தாங்கும். அதற்கு மேலே போகும்போதுதான் கணக்கு மாறுகிறது.

பலர் நினைப்பதுபோல மலையில் ஒட்சிசனின் வீதம் குறைவதில்லை. கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஒட்சிசன் 100இல் 21 பங்குதான். குறைவது காற்றின் அமுக்கம். கலியாண வீட்டில் மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் மெத்தை மேலே உள்ளவற்றின் பாரத்தால் நசுங்கி இறுகிக் கிடக்கும். மேலே இருப்பது பொங்கி, தளர்ந்து கிடக்கும். காற்றும் அப்படித்தான். நாம் அடி மெத்தையில் வாழ்பவர்கள். 1648ஆம் ஆண்டில் பிரான்ஸில் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, இரசம் நிரப்பிய குழாயோடு பூய் த டோம் என்ற மலையில் ஏறிப் பார்த்தார். ஏற ஏற இரசத்தின் மட்டம் இறங்கியது. காற்றுக்குப் பாரம் உண்டு, மேலே போகப் போக அது குறையும் என்பது அன்றைக்கு உறுதியானது. இன்றைக்கு நமது பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தில் படிக்கும் பாடம்தான் இது.

இப்போது எண்களைப் பாருங்கள். நாங்கள் இரண்டு இரவு தங்கிய நாம்சே பஜார் 3,440 மீற்றர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன், நமது ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. பேஸ் கேம்ப் 5,364 மீற்றர். அங்கே பாதி. எவரெஸ்ட் உச்சி 8,848 மீற்றர். அங்கே மூன்றில் ஒன்று.

இந்த மூன்றில் ஒரு பங்கு காற்றில் மனிதன் உயிரோடு இருக்க முடியுமா? இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம். விடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

1875 ஏப்ரல் 15. பிரான்ஸில் ஸெனித் என்ற பலூனில் மூவர் ஏறினார்கள். திஸாந்தியே, குரோசே ஸ்பினெல்லி, சிவெல் என்பவர்கள். மூவரும் படித்தவர்கள், பலூனில் பழக்கமுள்ளவர்கள். ஒட்சிசன் கலந்த காற்றைப் பைகளில் நிரப்பிக் கூடவே கொண்டு போனார்கள். அது போதாது என்று போல் பேர் என்ற உடற்றொழிலியல் அறிஞர் எழுதிய கடிதம் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் 8,000 மீற்றர் உயரத்தை எட்டினார்கள். தப்பி வந்த திஸாந்தியே பின்னர் எழுதிய விபரம்தான் நெஞ்சை உலுக்குவது. அவருக்கு அந்த நேரத்தில் பயமோ வேதனையோ வரவில்லை. மனதுக்குள் ஒரு சந்தோசம் பரவியதாம். ஒட்சிசன் குழாயைப் பிடிக்க நினைத்தார், கை எழும்பவில்லை. மயங்கிப் போனார். விழித்துப் பார்த்தபோது கூட வந்த இருவரும் இறந்து கிடந்தார்கள். அவரும் பிறகு காது கேளாதவராகவே வாழ்ந்தார்.

1978 மே 8. மெஸ்னர், ஹாபெலர் என்ற இருவர் ஒட்சிசன் போத்தல் இல்லாமலே எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். பலூன் எட்டிய உயரத்தைவிட அதிகம், காற்று இன்னும் குறைவு. நடந்தே ஏறினார்கள், நடந்தே இறங்கினார்கள்.

பலூனில் போனவர்கள் இரண்டு மணி நேரத்தில் ஏறினார்கள். மலையில் ஏறியவர்கள் பல வாரம் எடுத்தார்கள். கொஞ்சம் ஏறி, இறங்கி, படுத்து, மறுபடி ஏறி, உடம்புக்கு வேலை செய்ய நேரம் கொடுத்தார்கள். அவர்கள் அபூர்வமான மனிதர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களையும் கடற்கரையிலிருந்து நேரே தூக்கி உச்சியில் வைத்திருந்தால் சில நிமிடங்களில் மயங்கி விழுந்திருப்பார்கள்.

அந்த நேரத்தில் உடம்பு என்னதான் செய்கிறது? எங்களில் இருவர் விஞ்ஞான ஆசிரியர்கள் என்பதால் ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டு மேசை வகுப்பறையாகிவிடும். அங்கே கதைத்ததைச் சுருக்கமாகத் தருகிறோம்.

முதல் சில நிமிடங்களில், கழுத்தின் இரண்டு பக்கத்திலும் இருக்கும் சின்னஞ்சிறிய உணரி உறுப்புகள் குருதியில் ஒட்சிசன் குறைந்ததைக் கண்டுபிடித்து மூளைக்கு அறிவிக்கின்றன. மூச்சு ஆழமாகிறது, வேகமாகிறது. இதயம் விரைவாக அடிக்கிறது. இது அவசர ஏற்பாடு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேகமாக மூச்சு விடும்போது காபனீரொட்சைட்டு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. குருதி காரத்தன்மை அடைகிறது. உடனே மூளை, "போதும், மூச்சைக் குறை" என்று பிரேக் பிடிக்கிறது. ஒரு பக்கம் ஒட்சிசன் காணாது, மறுபக்கம் மூச்சுக்குத் தடை. இந்த இழுபறி நித்திரையில்தான் அதிகம் தெரியும். நாம்சேயில் முதல் இரவு, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரின் மூச்சு பெரிதாக நாலைந்து முறை வந்தது. பிறகு அப்படியே நின்றது. எண்ணிக்கொண்டிருந்தோம், பத்து விநாடிக்கு மேல் போனது. எழுப்பலாமா என்று கை நீட்டும்போது பெரிய பெருமூச்சோடு மறுபடி தொடங்கியது. அந்த உயரத்தில் இது பலருக்கும் வருவதுதான் என்று வழிகாட்டி காலையில் விளங்கப்படுத்தும்வரை எங்களுக்கு நித்திரை இல்லை.

அந்தப் பிரேக்கை விடுவிப்பது சிறுநீரகம். மேலதிக காரத்தை இருகாபனேற்றாகச் சிறுநீரோடு வெளியேற்றிக் குருதியைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறது. அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மலையில் அடிக்கடி சிறுநீர் போவது இதனால்தான். நடுச்சாமத்தில் மூன்று முறை எழும்பி, உறைந்த தரையில் வழுக்கிக்கொண்டு வெளியே போகும்போது எரிச்சல் வரும். ஆனால் உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். டயமொக்ஸ் என்ற மாத்திரையை வைத்தியர்கள் கொடுப்பதும் சிறுநீரகத்தின் இந்த வேலையைத் துரிதப்படுத்தத்தான்.

அதே நாட்களில் குருதியின் நீர்ப்பகுதி சற்றுக் குறைந்து, செங்குழியங்கள் செறிவாகின்றன. சிறுநீரகம் ஓர் ஓமோனைச் சுரந்து, "இன்னும் செங்குழியங்களை உண்டாக்கு" என்று எலும்பு மச்சைக்குக் கட்டளை அனுப்புகிறது. கட்டளை சில மணி நேரத்திலேயே போய்விடும். ஆனால் புதிய செங்குழியங்கள் போதுமான அளவு பெருக வாரங்கள் ஆகும். விதைத்தவுடன் வேளாண்மை வெட்ட முடியுமா?

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய ஒக்சிமீற்றரை ஒருவரும் மறந்திருக்கமாட்டீர்கள். 94க்குக் கீழே போனால் வீடே கலங்கியது. நாங்கள் அதே கருவியைப் பையில் கொண்டு போனோம். கொழும்பில் எல்லோருக்கும் 97, 98. நாம்சேயில் 90, 88. ஊரில் இந்த எண் வந்தால் அம்பியூலன்ஸ் கூப்பிடுவோம். அங்கே அந்த எண்ணோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். ஆள் நன்றாக இருந்தால் எண்ணைப் பார்த்து நடுங்கத் தேவையில்லை. அதேபோல, ஆள் வாடியிருந்தால் எண் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறவும் கூடாது.

மலைநோய் இன்று நேற்று வந்ததல்ல. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சீன அதிகாரி, மேற்கே போகும் பாதையில் பெரிய தலையிடி மலை, சின்னத் தலையிடி மலை என்று இரண்டு இருப்பதாக எச்சரித்திருக்கிறார். நமது வரலாற்றிலும் இதற்கு ஒரு பக்கம் உண்டு. மிர்ஸா ஹைதர் துக்லத் என்பவர் 16ஆம் நூற்றாண்டின் தளபதி, வரலாற்றாசிரியர். முகலாய மன்னர் பாபரின் தாயும் இவரின் தாயும் உடன்பிறந்த சகோதரிகள். 1532இல் யார்கந்து ஆட்சியாளர் சுல்தான் ஸயீத் கானுடன் லடாக், திபெத் பக்கம் படையோடு போனார். அந்த உயரத்தில் வரும் நோயைத் தன் தாரீக்-இ-ரஷீதி நூலில் விபரமாக எழுதி வைத்தார். அதற்கு அவர்கள் தம்கீரி என்று பெயர் சொன்னார்கள். மூச்சைப் பிடிப்பது என்று கருத்து. பாரத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடியவனைப்போல இளைக்கும், குமட்டும், நித்திரை வராது, வெளியூர்க்காரரைத்தான் பிடிக்கும், குதிரைகளையும் விடாது என்றெல்லாம் கவனித்திருக்கிறார். இன்றைய மருத்துவப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் பெரிதாகத் திருத்த ஒன்றும் இல்லை. அந்த நோய் சுல்தானையே கொண்டு போனது. 1533இல் ஊர் திரும்பும் வழியில், சுமார் 5,000 மீற்றர் உயரப் பாதையில் அவர் இறந்தார். தௌலத் பேக் ஓல்டி என்று இன்றும் வரைபடத்தில் இருக்கும் இடத்தின் பெயர், பெரிய மனிதர் இறந்த இடம் என்ற கருத்தில் அவரின் நினைவாக வந்தது என்று சொல்வார்கள். சுல்தான் என்று பார்த்து மலை விட்டுக்கொடுக்கவில்லை.

இனி எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட நண்பர் வாசித்துப் பார்த்து, "போடுங்க, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்" என்று சொன்ன பிறகுதான் இதைப் பதிவிடுகிறோம்.

எங்களில் உடம்பால் பலமானவர் உடற்கல்வி ஆசிரியர்தான். தினமும் சுபஹுக்குப் பிறகு கடற்கரையில் ஓடுபவர். காத்மண்டுவிலிருந்து சிறிய விமானத்தில் அரை மணி நேரத்தில் லுக்லாவில் இறங்கினோம். 1,400 மீற்றரிலிருந்து 2,860க்கு. இரண்டாம் நாள் நாம்சே. ஏற்றம் முழுவதும் அவர்தான் முன்னால். தமிழ் ஆசிரியர் எல்லோருக்கும் பின்னால், பத்து அடிக்கு ஒரு தரம் நின்று நின்று வந்தார்.

நாம்சேயில் ஓய்வு நாள் முடிந்து தெங்போச்சே, அதற்கடுத்த நாள் 4,410 மீற்றரில் உள்ள டிங்போச்சே. அங்கே இரவுச் சாப்பாட்டில் உடற்கல்வி ஆசிரியர் பருப்பையும் சோற்றையும் தள்ளி வைத்தார். "ஒண்டும் இல்ல மச்சான், நித்திரை காணாது" என்றார். நடுச்சாமத்தில் வெளியே போய்ச் சத்தி எடுத்த சத்தம் கேட்டது. கேட்டபோதுதான் வெளியே வந்தது: நாம்சேயிலிருந்தே அவருக்குத் தலையிடி. மூன்று நாளாகப் பனடோலைப் போட்டுப் போட்டு, எங்களிடம் சொல்லாமல் நடந்திருக்கிறார். அன்றிரவு பனடோலுக்கும் தலையிடி அடங்கவில்லை.

விடியற்காலையில் வழிகாட்டி அவரை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரலோடு முட்ட வைத்து, நேர் கோட்டில் நடக்கச் சொன்னார். பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் விளையாட்டுத்தான். ஆறு அடி நேராக வைத்தார். ஏழாவது அடியில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபடி முயன்றார். மறுபடி சாய்ந்தது. மைதானத்தில் கோடு போட்டு மாணவர்களை ஓட விடுகிற மனிதர், ஒரு கோட்டில் நடக்க முடியாமல் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த கணத்தில் எங்களுக்கு ஸெனித் பலூன் ஞாபகம் வந்தது. ஆபத்தில் இருப்பவருக்கு ஆபத்து விளங்கவில்லை.

வழிகாட்டி ஒரு வார்த்தைதான் சொன்னார். இறங்க வேண்டும். இன்றல்ல, இப்போது.

எங்களில் ஒருவர், "அவர் ஒராளோட இங்க நிக்கட்டும், நாங்க போய்ட்டு வருவோம்" என்று கேட்டது உண்மை. அதைச் சொன்னவரை யாரும் ஏசவில்லை. ஐந்து வருடம் சேர்த்த காசு அது. ஆனால் இந்த நிலையில் அதே உயரத்தில் இன்னோர் இரவு படுத்தால் மூளையில் வீக்கம் கூடி, ஆள் எழும்பாமலே போகலாம் என்று வழிகாட்டி சொன்னதும் பேச்சு முடிந்தது. தன் பையிலிருந்த மருந்தைக் கொடுத்தார். மருந்து இறங்குவதற்கு உதவி செய்யும், இறங்குவதற்குப் பதிலாகாது என்றும் சொன்னார். ஹெலிகொப்டரைக் கேட்டுப் பார்த்தார்கள். பள்ளத்தாக்கை முகில் மூடியிருந்தது. இருவர் தோள் கொடுக்க, மற்றவர்கள் பைகளைப் பிரித்துச் சுமக்க, நடந்தே இறங்கினோம்.

பாங்போச்சே கிராமம் 4,000 மீற்றருக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அங்கே வந்து சேர்ந்ததும் அவர் தானாகத் தேத்தண்ணி கேட்டார். அன்று மாலை இன்னும் கீழே வந்து, நித்திரையில் அவரை அடிக்கடி எழுப்பிப் பெயர் கேட்டுக் கேட்டு விடிய வைத்தோம். அடுத்த நாள் நாம்சே. அங்கே முட்டைப் பொரியல் இரண்டு வாங்கிச் சாப்பிட்டார். அல்ஹம்துலில்லாஹ். நானூறு, ஐந்நூறு மீற்றர் இறக்கம் செய்த வேலையை எங்கள் பையில் இருந்த எந்தப் பொருளும் செய்திருக்காது.

பின்னால் பின்னால் வந்த தமிழ் ஆசிரியருக்கு இறுதிவரை ஒன்றுமே ஆகவில்லை.

இதில் எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம் ஒன்று உண்டு. ஓடிப் பழகிய உடம்பு மலைநோயிலிருந்து காப்பாற்றாது. பலமானவர் வேகமாக ஏறுவார். வேகமாக ஏறியதாலேயே சிலவேளை முதலில் விழுவார். 1962 இந்திய சீனப் போரின்போது சமவெளியிலிருந்து இமயத்தின் உயரங்களுக்கு அவசரமாக அனுப்பப்பட்ட வீரர்கள் பலரை இந்த நோய் சாய்த்தது. 1,925 வீரர்களைப் பற்றி இந்திய இராணுவ வைத்தியர்கள் எழுதிய ஆய்வு 1969இல் வெளிவந்தது. அத்தனை பேரும் பயிற்சி எடுத்த இளைஞர்கள்.

அந்த மலைகளில் பாரம் தூக்கும் ஷெர்பாக்களோடு போட்டி போட வேண்டாம். அவர்களின் மூதாதையர் பல ஆயிரம் ஆண்டுகளாக உயரத்தில் வாழ்ந்தவர்கள். திபெத்திய வழிவந்த மக்களின் உடலில், குருதி அளவுக்கு மிஞ்சித் தடிக்காமல் பார்த்துக்கொள்ளும் மரபணு மாற்றம் இருப்பதை 2010இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த அந்தச் சொத்து, நான்கு நாள் பயணத்தில் நமக்குக் கிடைக்காது. நமக்குக் கிடைப்பது சில நாட்களில் வரும் தற்காலிகப் பழக்கம் மட்டுமே. ஊருக்கு வந்து சில வாரங்களில் அதுவும் போய்விடும். "போன வருசம் போனேன், எனக்கு ஒண்டும் ஆகல்ல" என்பது இந்த வருடத்துக்குச் சாட்சியாகாது.

போகும் பிள்ளைகளுக்கும் அனுப்பும் பெற்றோருக்கும் சில விடயங்கள்:

3,000 மீற்றருக்கு மேலே போனபின், இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீற்றருக்கு மேல் உயரமாக இருக்கக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் இன்னோர் இரவு. பகலில் கொஞ்சம் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து படுப்பது நல்லது. பயண முகவர் தரும் அட்டவணையில் ஓய்வு நாட்களை முதலில் எண்ணுங்கள். எங்களுக்கு விலை குறைவாகத் தர முன்வந்த ஓர் இடத்தில், குறைத்திருந்தது அந்த ஓய்வு நாட்களைத்தான்.

ஏறிய முதல் நாளில் வரும் தலையிடியோடு குமட்டல், சாப்பாட்டில் விருப்பமின்மை, தலைச்சுற்று, களைப்பு சேர்ந்தால், வேறு காரணம் தெளிவாகத் தெரியும்வரை அதை மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு மேலே ஏறக்கூடாது. நின்ற இடத்தில் குறைந்தால் பிறகு ஏறலாம். கூடினால் இறங்க வேண்டும்.

நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், விடாத தூக்கம் வந்தால் மூளையில் வீக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஓயாத இருமல், நுரைச்சளி வந்தால் சுவாசப்பையில் நீர். இரண்டும் ஆளைக் கொல்லும். இரவா பகலா என்று பார்க்காமல் இறங்க வேண்டும். தனியே அனுப்பவே கூடாது.

நீரிழிவு, இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்கள் போவதற்கு முன் வைத்தியரைச் சந்தியுங்கள். டயமொக்ஸை நண்பர் தந்தார் என்று விழுங்க வேண்டாம். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நித்திரைக் குளிசை வேண்டாம், அது மூச்சை இன்னும் மந்தப்படுத்தலாம். ஹெலிகொப்டர் மீட்பையும் உள்ளடக்கிய காப்புறுதி எடுங்கள். பெரிச்சே என்ற இடத்தில் 1973இல் தொடங்கிய இமாலய மீட்புச் சங்கத்தின் வைத்திய நிலையம் இருக்கிறது. மலையேறும் பருவங்களில் அங்கே பிற்பகலில் இந்த நோயைப் பற்றி விளக்கம் சொல்வார்கள். நாங்கள் போனபோது பருவம் முடிந்து மூடியிருந்தது. நீங்கள் பருவத்தில் போனால் ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்கார்ந்து கேளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது ஒன்று உண்டு. அது வாயைத் திறப்பது. நமது ஊரில் ஆம்பிளைப் பிள்ளை விழுந்தால், "ஒண்டும் இல்ல, எழும்பு" என்று சொல்லி வளர்க்கிறோம். காய்ச்சலோடு பரீட்சை எழுதியவனை மேடையில் புகழ்கிறோம். அந்தப் பழக்கம் கடற்கரையில் வளர்ந்து 4,000 மீற்றரில் ஆளைக் கொல்லப் பார்க்கிறது. எங்கள் நண்பர் மறைத்தது எங்களை ஏமாற்ற அல்ல. தன்னால் மற்ற நால்வரின் பயணம் கெட்டுவிடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான். அப்படி மறைக்க வைக்கும் கூட்டமாக நாம் இருக்கக்கூடாது. ஜமாஅத்தில் இமாம் பின்னால் நிற்கும் பலவீனமானவரை மனதில் வைத்துத்தான் தொழுகை நடத்த வேண்டும் என்று மத்ரஸாவில் சின்ன வயதிலேயே படித்தோம். மலையில் போகும் கூட்டத்துக்கும் அதுதான் சட்டம். வேகத்தைத் தீர்மானிப்பவர் கடைசியில் வருபவர்.

ஆகவே பிள்ளைகளே, டிக்கெட் போடுவதற்கு முன் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். யாராவது ஒருவர், "எனக்குத் தலையிடிக்குது" என்று சொன்னால், மற்றவர்கள் முகம் சுளிக்கக்கூடாது, கிண்டல் பண்ணக்கூடாது, கணக்குப் பார்க்கக்கூடாது. ஒரே பதில்தான் சொல்ல வேண்டும்: "சரி மச்சான், இண்டைக்கு இங்கேயே நிப்பம்." ஊரிலிருந்து புறப்படுமுன் இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அங்கே போனபின் மூளைக்கே ஒட்சிசன் காணாது, புதிதாக யோசிக்க வராது.

பேஸ் கேம்ப் அங்கேயேதான் இருக்கும். இன்ஷா அல்லாஹ், போகலாம்.